சாயம் ஏறிய நகங்கள்

என் தங்கை சம்பூர்ணம் வேலை முடிந்து வந்ததும் பேசமாட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, தறிக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். நான் நெய்வதை நிறுத்தமாட்டேன். அந்தச் சத்தத்தில்தான் அவளுக்குத் தூக்கம் வரும். காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு படித்தது அவள் ஒருத்திதான். நான் ஐந்தாவதோடு சரி.

மயங்கிக் கிடப்பவரின் நாடியைப் பிடித்தபடி நிற்பது அவள் வேலையில் பெரும்பகுதி. வயிற்றைத் திறக்கும்போது தசை இறுகாமல் இருக்க ஸ்கோலின் என்றொரு மருந்து போடுவார்கள். உடம்பு துவண்டுவிடும், மூச்சும் நின்றுவிடும். மயக்க டாக்டர் கோதண்டபாணி ரப்பர் பையை அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுப்பார். அதே மருந்தை மறுபடி போடும்போது சிலருக்கு இதயம் தளரும், நின்றுவிடுவதும் உண்டு. டாக்டர் கை பையை விட்டு நகர முடியாது. அதனால் நாடி இவள் பொறுப்பு.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம். ஆவணி முகூர்த்தப் பட்டுக்காக எங்கள் பிள்ளையார்பாளையத்தில் சாயப் பட்டறைகள் ஓயவில்லை. எங்கள் நூலுக்குச் சாயம் போடும் கண்ணாயிரம் ஈரப் பட்டு நூலைத் தூக்கும்போது, பல வருஷமாக இருந்த குடலிறக்கம் முறுக்கிக்கொண்டது. அவர் மனைவி தில்லையம்மாள் அழுதுகொண்டே ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். உடனே அறுக்காவிட்டால் ஆள் தங்கமாட்டார். இன்னொரு நர்ஸ் லீவு. சம்பூர்ணம் காலையிலிருந்து உட்காரவே இல்லை.

மேஜையில் படுக்க வைத்ததும் கோதண்டபாணி அவர் விரலைத் தூக்கிப் பார்த்தார். ரத்தத்தில் காற்றுக் குறைந்தால் நகம் நீலமாகும். இவர் நகமோ முன்பே கருநீலம்.

"என்னய்யா இது, கழுவக் கூடாதா?"

"கழுவினா போறதுக்கு அழுக்கா சார்? மயில் கழுத்துக் கலரு. என்னோடதான் போவும்" என்றாராம், அந்த வலியிலும்.

"சம்பூர்ணம், நகத்தைப் பாத்துப் பிரயோஜனமில்ல. நாடிய விட்டுடாதம்மா."

அவள் காதுக்கு முன்னால் துடிக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டாள். பாதியில் வயிறு இறுகியது. மறுபடி ஸ்கோலின் போட்டார்கள். துடிப்பு விரலடியில் நடை தளர்ந்தது.

"சார், குறையுது... குறையுது... இல்ல சார்!"

அறுத்துக்கொண்டிருந்த டாக்டர் கண்ணாயிரத்தின் நெஞ்சில் கையை வைத்து அழுத்தினார். கோதண்டபாணி, இதயத்தை முடுக்கத் தயாராக வைத்திருந்த அட்ரோபின் மருந்தைச் செலுத்தினார். நகம் மட்டும் முன்பு இருந்தபடியே இருந்ததாம். அதைப் பார்க்கப் பிடிக்காமல் இவள் கண்ணை மூடிக்கொண்டாள். விரலை எடுக்கவில்லை. கடைசியில் எறும்பு ஊர்வதுபோல ஏதோ தட்டியது.

"வந்துடுச்சு சார்."

தையல் முடியும்வரை அப்படியே நின்றாள்.

கண்ணாயிரம் பிழைத்துப் பட்டறைக்குத் திரும்பினார். நூல் வாங்கப் போனேன். அங்கே ஒரே புகார்.

"மயக்கம் குடுத்துட்டு என்னைப் போட்டு அடிச்சிருக்கிறாங்கப்பா! நெஞ்சை இன்னும் தொட முடியல. முதுகு, தொடை எல்லாம் நாலு நாள் வலி."

"சம்பூர்ணமுமா அடிச்சுது?" என்று ஒருவன் சிரித்தான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. வீட்டுக்கு வந்து அவளை எழுப்பினேன். அப்போதுதான் இவ்வளவையும் சொன்னாள்.

"அந்த மருந்து போட்டா உடம்பு வலிக்கும்ண்ணா. நெஞ்சு வலி, அழுத்தினதால."

"அதை அவர்கிட்ட சொல்லேன்! உன் விரல் இல்லன்னா அவரே இல்ல."

"இதயம் நின்னு போச்சுன்னு சொன்னா, இனிமே சாயக் கொப்பரைகிட்ட நிக்கிறப்பல்லாம் நெஞ்சைத் தடவிக்கினு இருப்பாரு. திட்டட்டும், உடுண்ணா. நாளைக்கும் கேஸ் இருக்குது. தூங்கணும்."

கண்ணை மூடிக்கொண்டாள். அன்று தறியில் இருந்தது மயில் கழுத்து நிறம், கண்ணாயிரம் புதிதாகப் போட்ட சாயம். நான் நெய்யத் தொடங்கினேன்.