சொல்லாமல் வந்த சனிக்கிழமை

பனிச்சறுக்குக்கு மலையேறுகிறவர்கள் எல்லோரும் சறுக்கத்தான் போகிறார்கள் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்குத் தில்லையம்பலத்தைத் தெரியாது. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கும் கோச் பஸ் டிரைவர் அவர். பதினொரு குளிர்காலமாகச் சுற்றுலாக்காரர்களை ஆஸ்திரிய மலைகளுக்கு ஏற்றிப் போய் இறக்கியிருக்கிறார். சறுக்குப் பலகைகளை ஒருநாள்கூடக் காலில் மாட்டியதில்லை. ஆட்கள் கூவிக்கொண்டு சரிவில் இறங்குவதைக் கீழே நின்று பார்ப்பார். இதற்காகவா இத்தனை மைல் ஓட்டினோம் என்று தோன்றும்.

அவருக்குக் கலியாணம் நடக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து முதலில் ஜெர்மனிக்கும் பிறகு லண்டனுக்கும் அகதியாக வந்து, மூன்று தங்கச்சிமாரைக் கரை சேர்த்து முடித்தபோது தலை நரைத்துவிட்டது. தங்கச்சிமாருக்கு அண்ணன்மேல் பாசம் இல்லாமலில்லை. ஆனால் ஆளுக்கொரு குடும்பம், ஆளுக்கொரு ஷிப்ட். பிறந்தநாள் கொண்டாட்டம் என்றால் கூப்பிடுவார்கள்; போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். மற்ற நாட்களில் அவரை எதிர்பார்த்து யாரும் இருப்பதில்லை.

எதிர்பார்த்த ஒரே வீடு அந்த மலையில் இருந்தது. சுற்றுலாக்காரர்களுக்கு மேலே பெரிய ஹோட்டல். கூட வரும் மற்ற டிரைவர் அந்த ஹோட்டல் பாரை விட்டு அசையமாட்டான். தில்லையம்பலத்துக்குக் கீழே, முப்பது வீடுகள்கூட இல்லாத கிராமத்தில், ஒரு மாட்டுப்பண்ணை வீட்டின் மாடி அறை. யோசெப் என்பவரும் அவருடைய தங்கை எர்னாவும் மட்டும் அங்கே இருந்தார்கள். இருவருமே மணம் செய்யாமல் முதுமையை எட்டியவர்கள்.

முதல் வருடம், தான் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று தில்லையம்பலம் அரைகுறை ஜெர்மனில் கூச்சத்தோடு சொன்னார். "வெள்ளியில் நாங்களும்தான் தொடுவதில்லை," என்றார் யோசெப். அவர்கள் கத்தோலிக்கர்கள். அன்றைக்கே விருந்தாளி மேசையிலிருந்து அவரை எழுப்பி, அடுப்போரம் வீட்டு ஆட்கள் உட்காரும் நீண்ட மர வாங்கில் இருத்திவிட்டார்கள். அயலார் வந்தால் "எங்கள் லண்டன்காரன்" என்று யோசெப் அறிமுகம் செய்வார். அதைக் கேட்பதற்காகவே தில்லையம்பலம் ஒவ்வொரு குளிர்காலமும் அந்தப் பயணத்தைக் கேட்டு வாங்கினார். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருடம் பெப்ரவரியில் போனபோது யோசெப் படுக்கையில் இருந்தார். வியாழக்கிழமை போய்விட்டார். ஊர் வழக்கப்படி உடலை வீட்டிலேயே வைத்து அயலார் செபமாலை சொன்னார்கள். சனிக்கிழமை காலை பெட்டியைத் தூக்கியபோது தள்ளி நின்ற தில்லையம்பலத்தை எர்னா கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நடக்கவைத்தாள். அடக்கம் முடிந்து வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் சூப். புறப்பட்டவர்கள் வாசலில் நின்ற எர்னாவுக்குக் கைகொடுத்து, இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்.

மதியம் கோச் எடுக்கவேண்டும். தில்லையம்பலம் பையைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டில் பக்கத்துக் கதவால் சத்தமில்லாமல் வெளியேறினார். செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படக்கூடாது. அது அவருக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். அந்த வீட்டுக்கு இன்னொரு கெடுதல் வந்துவிடக்கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தார்.

லண்டன் வந்ததும் கிங்ஸ்பரியில் இருக்கும் தங்கை சிவனேஸ்வரிக்குப் போன் எடுத்து எல்லாம் சொன்னார்.

"சொல்லிப்போட்டே வெளிக்கிட்டனீங்கள் அண்ணை?"

"இல்லை. பேசாமல்தான் வந்தனான்."

"அப்ப சரி. சாப்பிட்டிட்டுப் படுங்கோ."

எர்னாவுக்கும் ஒரு போன் எடுத்திருக்கலாம். மனிதர் எடுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவளிடம் அரைகுறை ஜெர்மனில் என்ன கதைப்பது என்று தயங்கித் தயங்கியே மூன்று வாரத்தைக் கடத்திவிட்டார்.

மார்ச்சில் அந்தக் குளிர்காலத்தின் கடைசிப் பயணம். கதவைத் திறந்த எர்னா முகத்தைப் பார்க்காமல் அறைச் சாவியை நீட்டினாள். அன்றிரவு அவருடைய சாப்பாடு விருந்தாளி மேசையில் இருந்தது. அடுப்போர வாங்கில் துவைத்த துணிகளை அடுக்கி வைத்திருந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அறுபது வயது மனிதர் கிண்ணத்தின் முன்னால் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவும் அங்கே வேறு யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை பொறுக்கமுடியாமல் அடுப்படிக்கே போய், தன் அரைகுறை ஜெர்மனில் கேட்டார்.

"என்னில கோபமோ?"

எர்னா பாத்திரம் துடைப்பதை நிறுத்தினாள். "கடைசி ஆள் போகும்வரை வாசலில் நின்றேன். பஸ்ஸைப் பார்க்கப் போயிருப்பாய், திரும்பி வருவாய் என்று நினைத்தேன். ஊரே எனக்குக் கைகொடுத்தது. நீ கொடுக்கவில்லை."

"எங்கட ஆக்கள் செத்த வீட்டில 'போயிட்டு வாறன்' எண்டு சொல்ல மாட்டினம். சொன்னா அங்க இன்னொரு சாவு வந்திடும் எண்டு பயம். அதுதான் பேசாமல் வந்திட்டன்."

எர்னா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அது சாவுக்குச் சரி," என்றாள். "மிஞ்சி இருக்கிற எனக்கு?"

எர்னா வாங்கில் இருந்த துணிகளை அள்ளி அப்பால் வைத்துவிட்டு, இரு என்று கைகாட்டினாள். சூப்பை ஊற்றிக்கொண்டே மற்றதையும் சொன்னாள். மாடுகளை விற்றாயிற்று. கீழே நகரத்தில் முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஏப்ரலில் வீட்டைப் பூட்டிவிடுவாள். தில்லையம்பலம் கிண்ணத்தைக் காலி செய்தார். ருசி தெரியவில்லை.

மறுநாள் பையோடு முன்வாசலுக்கு வந்து கையை நீட்டினார்.

"போயிட்டு வாறன்," என்றார் தமிழில்.

"அன்றைக்கு நீ சொல்லாமல் போனது அதுதானா?"

"ஓம். போய்த் திரும்பி வருவன் எண்டு சொல்லுறது."

அடுத்த குளிர்காலம் இந்தக் கதவு பூட்டிக் கிடக்கும் என்பது இருவருக்கும் தெரியும். எர்னா அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"சரி," என்றாள். "வா."