நோன்புக் கஞ்சியும் நாலு இங்கிலீசுச் சொல்லும்

கல்முனையில் இங்கினியாகலை பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்துப் பள்ளிவாசல் முற்றத்தில் நோன்புக் கஞ்சி கொதிக்கிறது. கஞ்சி காய்ச்சும் அசன் காக்கா, இங்கினியாகலையில் அணை கட்ட வந்திருக்கும் வெள்ளைக்காரத் துரையின் குசினியில் நாளை சமையல் வேலை கேட்கப் போகிறார். துரை இங்கிலீசில் ஏவுவது விளங்காவிட்டால் வேலை கிடைக்காது. எங்கள் குடும்பத்தில் முதலில் இங்கிலீசு படித்தவன் நான். கஞ்சியை வைத்தே சொல்லிக்கொடுக்கிறேன்.

“கட் ஒனியன்” என்கிறேன், வெங்காயம் அரிகிறார். “புட் சோல்ட்”, உப்புப் போடுகிறார். “ஸ்டர்”, அகப்பையால் துழாவுகிறார். “டேஸ்ட்” என்கிறேன். அகப்பை நின்றுவிடுகிறது.

“ருசி பாக்கவா? நோன்போட நாக்குல வைக்கமாட்டன் தம்பி. துரை இப்பிடி ஏவினா என்ன செய்யிற?”

அகப்பையைப் பானையில் சாய்த்துவைக்கிறார்.

“சரி, துரையவே ருசி பாக்கச் சொல்ல எப்பிடிக் கதைக்கிற?”

சொல்கிறேன். உடனே சிரட்டையில் கஞ்சி வார்த்து நீட்டுகிறார்.

“உங்களுக்கு நோன்பில்லத்தானே. டேஸ்ட், சேர்!”

இதுவரை என்னை யாரும் சேர் என்றதில்லை. நல்லாயிருக்கிறது என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் உப்புக் குறைவு.

“புட் சோல்ட்” என்கிறேன்.

கை நேரே உப்புச் சட்டிக்குப் போகிறது.

“விளங்கிட்டு தம்பி!” என்று சிரிக்கிறார். “துரையும் இப்பிடியே ஏவினா வேல நமக்குத்தான், இன்ஷா அல்லாஹ்.”