தேவா யாரைப் பார்த்துக் கத்தினார்

ஜனவரி 11, ஞாயிறு, காலை 6.50. என் ஃபோனில் பதினேழு செய்திகள். முதல் செய்தி: 'தேவா அண்ணன் போய்ட்டார்.' வாக்கிங் கிளம்பியவர் வானவடிப் பகுதியில் தன் வீட்டு லிஃப்டில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் எழவில்லை. வயது முப்பத்தெட்டு. கடைசிச் செய்தி எங்கள் கால்பந்து கிளப்பின் ரசிகர் மன்றத் தலைவன் பாஸ்கரிடமிருந்து: 'அந்தக் கிளிப்ப அனுப்பு. சனிக்கிழமை கேம்ப் ஏரியா ஹால்ல அஞ்சலிக் கூட்டம், அங்க போடணும்.'

நான் அந்தக் கிளப்பின் வீடியோ அனலிஸ்ட். படித்தது எலெக்ட்ரானிக்ஸ். ஆட்டங்களை வெட்டி, நிறுத்தி, கோடு போட்டுக் காட்டுவது என் வேலை. அஞ்சலி எழுதுவது என் வேலை இல்லை. அந்தக் கிளிப் என்னிடம் இருப்பதால் எழுதுகிறேன்.

தேவராஜ் மராத்தி பேசும் இந்த ஊரின் ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். பத்து சீசன் எங்கள் தடுப்பு வரிசையின் நடுவில் நின்றார். பக்கத்தில் ஒரு மணிப்பூர்க்காரன், ஒரு கோவாக்காரன், ஒரு நைஜீரியாக்காரன். பந்தை அடித்து விரட்டியதும் நாலு பேரும் ஒன்றாக முன்னேற வேண்டும். அப்போதுதான் பின்னால் மாட்டிக்கொள்ளும் எதிரணி ஆள் ஆஃப்சைடு ஆவான், அவன் போடும் கோல் செல்லாது. அதற்கு இங்கிலீஷில் கத்தச் சொன்னார் கோச். இவர் கத்தியது 'ஏறு!'. கோச் முறைத்தபோது சொன்னார்: "பயம் வந்தா எனக்குத் தமிழ்தான் சார் வருது. அவங்கள ஒரு வார்த்தை கத்துக்கச் சொல்லுங்க." கற்றுக்கொண்டார்கள். எங்கள் பிம்ப்ரி பயிற்சி மைதானத்தில் இன்றைக்கும், தமிழில் வேறு எதுவும் தெரியாதவர்கள், 'ஏறு' என்றால் ஏறுகிறார்கள்.

பிறகு கிளப் அவரை விட்டது. கழுத்தில் ஒரு மாலை, ஒரு ஃபோட்டோ, 'புதிய திட்டம்' என்று ஒரு அறிக்கை. மும்பை கிளப் ஒன்று கூப்பிட்டது. போனார். அவர் ஜெர்சியை ஸ்டேடியம் வாசலில் கொளுத்தியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். தீப்பெட்டி நீட்டியவன் பாஸ்கர். தேவா அதைப் பற்றிப் பேசியது ஒரே தடவை: "கிளப் என்ன விட்டா அது பிளானிங். நான் வேற கிளப்புக்குப் போனா ஹிந்தியில 'கத்தார்', துரோகி. நல்லா இருக்குடா உங்க நியாயம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்தச் சீசனிலேயே மும்பை அணி இங்கே ஆட வந்தது. இரண்டாம் பாதி, அவர்களுக்கு கார்னர். தலையால் முட்ட தேவாவும் எங்கள் கோல் பக்கம் வந்திருந்தார். வந்த பந்தை எங்கள் ஆள் வெளியே அடித்தான். உடனே அந்தக் குரல்: 'ஏறு!' எங்கள் நாலு பேரும் ஒரே அடியில் முன்னேறினார்கள். பந்து திரும்பி உள்ளே வந்தது, மும்பைக்காரன் கோல் போட்டான், லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினார். ஆஃப்சைடு. பாஸ்கர் கேட்ட கிளிப் இதுதான். ஆட்டத்தை நாங்கள் ஜெயித்தோம். கொளுத்தியவர்கள் அவர் பெயரைப் பாடினார்கள். மும்பை கிளப் அதற்குப் பிறகு அவரைக் களத்தில் இறக்கவே இல்லை.

சில நாள் கழித்து பிம்ப்ரியில் என் அறைக்கு வந்தார். "இன்ஜினியர், அதப் போடு." திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார்.

"நான் யாரப் பாத்துக் கத்துறேன்னு உன் மெஷின் சொல்லுமா?"

"சொல்லாது அண்ணா. சத்தம் மட்டும்தான் பதிவாகும்." எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "வேணும்னு பண்ணீங்களா?"

"வேணும்னு பண்ணியிருந்தா தூங்கியிருப்பேன்டா."

அவர் இறந்த ஞாயிறு மாலை, சடங்கெல்லாம் முடிந்த பிறகு, பாஸ்கர் தேவாவின் மனைவி சுமதி அண்ணியிடமே அனுமதி கேட்டான். நானும் அங்கே இருந்தேன்.

"அந்த ஒரு கிளிப் போதும் அண்ணி. வேற ஜெர்சி போட்டுக்கினும் நம்ம டீமுக்குத்தான் கத்தினாரு. இதவிட லாயல்டி இன்னா இருக்கு?"

"அப்ப அவங்க சம்பளத்த வாங்கிக்கினு உங்களுக்கு ஆடினாருன்றியா?"

"அரே, பாசத்துல சொல்றோம் அண்ணி!"

"நீ ஜெர்சியக் கொளுத்தின. அது துணி. இது அவரு பேரு. உன் பாசத்துக்கு எங்க வீட்டுக்காரரு திருடனாவணுமா?" அண்ணி என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்கிட்டதானே இருக்குது. நீ சொல்லு."

சனிக்கிழமைக்குள் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை பயிற்சியில் மணிப்பூர்க்காரன் 'ஏறு!' என்று கத்தினான். தேவாவின் அதே இழுப்பு, அதே கடைசி வெட்டு. வரிசை ஏறியது. ஏறிய இடத்தில் நாலு பேரும் நின்றுவிட்டார்கள். ஒருவரும் பந்தைப் பார்க்கவில்லை. அவர் நிற்கிறாரா என்று நான் கோல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே காலைப் பனிதான் இருந்தது.

அறைக்குப் போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த ஆட்டம் முழுவதையும் முதலிலிருந்து கேட்டேன். அந்த ஒரு கிளிப்பைத்தான் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மும்பையின் தடுப்பு வரிசையை யார் கேட்டார்கள்? முதல் பாதி முழுக்க அவர் குரல் இருக்கிறது. 'ஏறு! ஏறு!' தன் புது ஆட்களைப் பார்த்து. அவர்களுக்கு அது வெறும் சத்தம். ஒருவனும் அசையவில்லை. ஒருமுறை அவர் தனியாக ஏறுகிறார். பின்னால் விடுபட்ட எங்கள் ஸ்ட்ரைக்கர் ஆஃப்சைடும் இல்லை, தடுக்க ஆளும் இல்லை. தேவா திரும்பி ஓடி, அவன் பூட்ஸுக்கு முன்னால் தலையைக் கொடுக்கிறார். புருவம் கிழிகிறது. நம்முடைய நிச்சயமான கோல் போகிறது. அவருடைய விசுவாசம் எது என்று கேட்டால், எனக்குத் தெரிந்து, இதுதான். அன்றைக்குப் போட்டிருந்த ஜெர்சிக்குத் தலையைக் கொடுத்தார். அவர் சொல் புரிந்தவர்கள் எதிர்ப்பக்கம் நின்றது அவர் தப்பு இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் குரல். கேட்டு வாங்கவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றினாலும் நிற்கவில்லை.

இனி செய்யப்போவது:

1. பாஸ்கர் கேட்ட கிளிப்பைத் தர மாட்டேன். கோபித்துக்கொள்ளட்டும்.

2. சனிக்கிழமை முதல் பாதியைப் போடுவேன். தேவா நம் கோலைத் தடுத்ததை எல்லோரும் நம் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

3. சத்தத்தைக் குறைக்க மாட்டேன். அண்ணி முன்வரிசையில் இருப்பார்.

4. அடுத்த பயிற்சிக்கு வழக்கம்போலப் போவேன். யாராவது 'ஏறு' என்று கத்தினால் கோல் பக்கம் திரும்ப மாட்டேன். திரும்புவேன் என்று தெரியும்.