பூஜ்யம் நம்பர் ஆள்

நம்பினால் நம்புங்கள், இது என் நாத்தனாருக்கு நடந்தது. அவள் கதை கட்டுகிற ரகமில்லை. அதற்கு வேண்டிய தெம்பும் அவளிடம் கிடையாது.

தீப்பிடித்தால் ஒரு கட்டடத்திலிருந்து ஆட்கள் எப்படித் தப்பிப்பார்கள் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து அறிக்கை கொடுப்பது அவள் வேலை. அந்த மென்பொருளைப் பைதான் என்கிற நிரல்மொழியிலிருந்து இயக்க ஓர் இணைப்பு வேண்டும். அதை நிறுவவே மூன்று நாள் உயிரை வாங்கிவிட்டது. ஒன்றைப் போட்டால் இன்னொன்று, 'நீ பழைய பதிப்பு' என்று முறைக்கும். அதைப் புதுப்பித்தால் முதலாவது படுத்துவிடும். நாலாம் நாள் மதியம் 2.10-க்குத்தான் பிழை காட்டும் சிவப்பு வரி இல்லாமல் முடிந்தது. அப்பாடா என்று சாய்ந்தாள்.

கட்டடம் ஒரு தையல் கம்பெனி. பழசு. ஒரே கதவு. திங்கட்கிழமை திறப்பு. ஐந்து மணிக்குள் அவள் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே ஒருவர் மாட்டினாலும் போடக்கூடாது.

46 ஆட்களைக் கொடுத்து ஓட்டினாள். 2.31.

வெளியே: 46. உள்ளே: 1.

"சார், ஒரு ஆள் அதிகமா வருது."

மூலை மேசை சீனியர் நிமிரக்கூட இல்லை. "அது பூஜ்யத்துலேர்ந்து எண்ணும்மா. நீ ஒண்ணுலேர்ந்து எண்ணியிருப்ப. போய் ஒரு டீ குடிச்சிட்டு வா."

அந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற தப்புதான். திருத்தினாள். 2.52.

வெளியே: 46. உள்ளே: 1.

ஆள் பட்டியலில் ஒன்றுக்கு மேலே ஒரு பூஜ்யம் நம்பர் ஆள். அழித்தாள். வந்தது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி நிறுவினாள். 3.40. அப்போதும் வந்தது.

கண் எரிந்தது. அந்த ஒரு வரியை மறைத்துவிட்டுக் கையெழுத்தைப் போட்டுத் தொலைக்கலாமா என்றுகூட நினைத்தாள். அவ்வளவு அலுப்பு. சரி, என்னதான் செய்கிறது என்று படமாக ஓட்டிப் பார்த்தாள்.

படத்தில் ஓர் ஆளுக்கு ஒரு புள்ளி. பூஜ்யம் நம்பர் புள்ளி கதவோரம் நின்றது. மற்றவை ஒவ்வொன்றாய் அதைத் தாண்டி வெளியே போயின. ஒவ்வொன்று தாண்டும்போதும் அது லேசாக ஆடியது... தலையாட்டுகிற மாதிரி.

நாற்பத்தாறாவதும் போனது.

அது திரும்பியது...

உள்ளே.

புகைக்குள்.

கழிவறை வாசலில் நின்றுவிட்டது. 4.12.

வரைபடத்தில் கழிவறைப் பக்கம் இன்னொரு கதவு வைத்தாள். ஓட்டினாள்.

வெளியே: 47. உள்ளே: 0.

'இரண்டாவது கதவு வேண்டும்' என்று எழுதி அனுப்பினாள். 4.40-க்குப் போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. கம்பெனி முதலாளி.

"கழிவறைகிட்ட கதவா? அந்த எடத்த யாரும்மா சொன்னது உங்களுக்கு?"

"ஏன் சார்?"

"எங்கப்பா காலத்துல அங்க தீப்பிடிச்சிச்சு. சூப்பர்வைசர் கதவுகிட்ட நின்னு ஒவ்வொருத்தரா எண்ணி அனுப்பினாராம். நாப்பத்தாறு பேரு. வெளிய இருந்தவங்களும் எண்ணிப் பாத்தாங்க. சரியா இருந்திச்சு. எல்லாரும் வந்தாச்சுன்னு நிம்மதியா நின்னுட்டாங்க."

"அவரு?"

"யாராச்சும் விட்டுப்போச்சோன்னு திரும்ப உள்ள போயிருக்காரு. கழிவறை வாசல்லதான் கெடச்சாரு. எண்ணினவர யாருமே எண்ணலம்மா... கதவு வெச்சுடறேன்."

போனை வைத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டினாள். எதையும் மாற்றவில்லை. 4.58.

வெளியே: 46. உள்ளே: 0.