தெற்கே திரும்பிய மைக் செட்

விளாங்குடி பரோட்டாக் கடையில்தான் அந்த யோசனை வந்தது. "அண்ணே, இங்க ஒரு செட்டு" என்று ஒருவர் இலையைக் காட்டினார். பக்கத்து மேசைக்காரர் போனில், "அவனுக்கும் எனக்கும் செட் ஆகாதுப்பா" என்றார். ஒரே நிமிடம், ஒரே சொல்! இந்த இங்கிலீஷ் சொல் நம் ஊரில் எங்கெங்கே குடியேறியிருக்கிறது என்று எழுதிப் பார்த்தால் என்ன? குருமா ஆறிக்கொண்டிருந்தது. என் கண்ணுக்குள் அலங்காநல்லூர்க் கரும்புக்காடு அசைய ஆரம்பித்துவிட்டது. அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது அங்கேதான்.

அப்பாவும் மாமாவும், அதாவது அம்மாவின் அண்ணனும், பள்ளிக்கூடத்தில் ஒரே செட். பிறகு கூட்டாக ஒரு டீசல் பம்புசெட் வாங்கினார்கள். யார் வயலுக்கு முதலில் தண்ணீர் என்பதில் பேச்சு நின்றுபோனது. பம்புசெட் மாமாவிடமே தங்கிவிட்டது. கரும்புக்கு அந்தப் பக்கம் அது டபடபவென்று ஓடும்போதெல்லாம் அப்பா வானத்தைப் பார்ப்பார்.

எனக்கு ஏழு வயதில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவரை வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டும். அப்பா போகவில்லை. அம்மா அவரைப் போகச் சொல்லவும் இல்லை, வேறு யார் மடியையும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. அந்த நாட்களில் கொடியில் கிடந்த என் பழைய பாவாடை ஒன்று காணாமல் போனது. "காத்துல போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா வேலையைப் பார்த்தாள்.

காதுகுத்தன்று மைக் செட் வந்தது. குழாய் ஒலிபெருக்கியோடு வேப்பமரத்தில் ஏறிய செட்டுக்காரர் கேட்டார்:

"அண்ணே, கொழாயப் பந்தலப் பாத்துக் கட்டவா?"

"தெக்க திருப்பு" என்றார் அப்பா.

"தெக்க வெறும் கரும்புதாண்ணே இருக்கு."

"கரும்பு பாட்டுக் கேக்கட்டும்டா."

பாட்டெல்லாம் எங்களை விட்டுவிட்டுத் தெற்கே மிதந்து போயிற்று. "இம்புட்டுப் பெரிய செட்டக் கட்டி, சத்தம் அடுத்த ஊருக்கா?" என்றார் சித்தப்பா. ஆசாரி கம்பியோடு காத்திருந்தார். அம்மா என் மொட்டைத் தலைக்குத் திரும்பத் திரும்பச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தாள். அப்போது அப்பா மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

"தாய்மாமன் எங்கிருந்தாலும் உடனே பந்தலுக்கு வரவும்."

சித்திரைத் திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளை இப்படித்தான் கூப்பிடுவார்கள். மாமா தொலைந்துபோய்விட்டார் என்று நான் அழ ஆரம்பித்தேன்.

டபடப நின்றது. கரும்புத் தோகைகள் விலக, மாமா வெளியே வந்தார். சேற்றுக் கால், அதற்கு மேல் சலவை வேட்டி, கையில் மஞ்சள் பை.

"எங்க மாமா தொலைஞ்சு போனீங்க?"

"இங்கனதான் தங்கம் நின்னுக்கிட்டிருந்தேன்."

அப்பா மாமாவின் முகத்தைப் பார்க்காமல், "செட்டு நல்லாக் கேக்குதா மாப்ள?" என்றார்.

"கரும்பே தலையாட்டுது மாப்ள."

பையில் பச்சைப் பாவாடை சட்டை இருந்தது. எனக்கென்றே தைத்தது, அளவு கச்சிதம். மாமா மடியில் டீசல் வாசனை. காது வலித்தபோது வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன். குழாயைப் பந்தல் பக்கம் திருப்பச் சொன்னார் அப்பா.

சலவை வேட்டி கட்டிக்கொண்டு யாராவது தண்ணீர் பாய்ச்சுவார்களா என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. செட்டின் மற்ற அர்த்தங்களை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். அப்பாவும் மாமாவும் சிரித்தே மழுப்பிவிடுவார்கள். முதலில் அம்மாவைத்தான் பிடிக்க வேண்டும். என் பழைய பாவாடையைக் காற்று எந்தத் திசையில் கொண்டுபோனது என்று கேட்க வேண்டும்.