பத்தாங் காலியிலிருந்து லண்டனுக்குப் பதினான்கு மணி நேரம்

லண்டனில் இருக்கும் என் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். நான் போகக்கூடாது என்று, என்னோடு பத்தாங் காலியில் இருக்கும் மூத்த மகன் முடிவு செய்துவிட்டான். கைப்பேசியில் வரைபடத்தை விரித்து, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, பதினான்கு மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும், என் முட்டி தாங்காது, காலில் இரத்தம் கட்டிக்கொள்ளும் என்று பாடம் எடுத்தான். நடுநடுவே எழுந்து நடந்தால் போகலாம் என்று கிளினிக் டாக்டரே சொல்லிவிட்டார். அது இவன் காதில் ஏறவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள் நான். ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடம், ஒரு ஷிப்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்தேன். அப்போதெல்லாம் என் முட்டியைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நிற்கலாமாம், உட்காரத்தான் கூடாதாம்.

மறுநாள் காலை, பதினான்கு மணி நேரம் உட்கார்ந்து காட்டுகிறேன் என்று ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டு, ஆறு மணி கொமுட்டர் ரயிலில் ஏறினேன். கையில் தண்ணீர் போத்தலும் இரண்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும். கிள்ளான் துறைமுகம் வரை போய் இறங்கி, கழிவறைக்குப் போய்விட்டு, அடுத்த ரயிலில் தஞ்சோங் மாலிம். அங்கிருந்து மறுபடியும் கிள்ளான். மணிக்கொரு தடவை எழுந்து பெட்டிக்குள்ளேயே நடந்தேன். விமானத்திலும் அப்படித்தானே நடக்க வேண்டும்?

மத்தியானத்துக்கு முன்பே இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. திரும்பும் வழியில் ராசா நிலையத்தைத் தாண்டினால் அடுத்த நிலையம் பத்தாங் காலி, என் வீடு. இறங்கிவிடலாமா என்று நினைத்தது உண்மைதான். மகனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. இறங்கவில்லை.

காலையில் ரவாங்கில் ஏறிய மலாய்க்கார அம்மா ஒருவர், மாலையில் வீடு திரும்பும்போதும் நான் ரயிலில் இருப்பதைப் பார்த்து, எங்கே போகிறேன் என்று கேட்டார். லண்டனுக்கு என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எட்டு மணி தாண்டி வீடு வந்தபோது மகன் வாசலில் நின்றிருந்தான். செருப்பைக் கழற்ற முடியாத அளவுக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. அவனே உட்கார்ந்து கழற்றிவிட்டான்.

"பாத்தீங்களா மா, எப்படி வீங்கியிருக்கு. இதுக்குத்தான்லா வேணாம்னு சொன்னேன்."

"வீங்கட்டும். போன வருசம் ஒன் தங்கச்சிக்கு வயித்துல தங்காமப் போனப்ப, அந்தப் புள்ள ஆஸ்பத்திரில ஒண்டியா கெடந்துச்சு. தூரம் தூரம்னு சொல்லி எல்லாருமா என்னை இங்கயே உக்கார வச்சீங்க. அன்னிக்கு என் காலு வீங்கவே இல்லடா."

அவன் செருப்பை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தான். பிறகு பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

காலையிலிருந்தே என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.