தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்

எண்பதுகளின் நடுவில் எங்கள் கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அட்டெண்டனாக இருந்தேன். ஆண்கள் வாட்டில் முப்பது கட்டில்கள். இரண்டு பேர் பார்க்கவேண்டிய வேலை. ஹர்த்தால், ஊரடங்கு என்று மற்றவர் வராத நாட்களில் நான் ஒருவன்தான்.

அப்படியான ஒரு வாரத்தில், கல்முனைச் சந்தையில் துணி விற்ற முதியவர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. படுத்த படுக்கையிலும் தொப்பியைச் சரிசெய்துகொண்டே இருப்பார்.

இரண்டாம் நாள் பின்னேரம் இரண்டாவது தடவையாகப் படுக்கையை நனைத்துவிட்டார். காலையிலிருந்து நான் உட்காரவேயில்லை.

“எத்தின தரம் மாத்துற? வெட்கமில்லையா உங்களுக்கு?”

வாட்டே திரும்பிப் பார்த்தது. அவர் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் படுக்கை நனையவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எனக்குச் சந்தோஷம். ஏன் என்று கேட்கவே தோன்றவில்லை.

நான்காம் நாள் உதடு வெடித்து, ஆள் தெரியாமல் பிதற்றத் தொடங்கினார். டொக்டர் அவருடைய தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் அப்படியே நின்றது.

“இவருக்குத் தண்ணி குடுக்கிறல்லையா?”

மகள் காலையில் வைத்துவிட்டுப்போன போத்தல் நிறைய இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்தான் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“அவர் குடிக்கமாட்டார் தம்பி. குடிச்சா உங்களக் கூப்பிட வேணுமாம்.”

சேலைன் ஏற்றினார்கள். நான் தலையைத் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் தண்ணீர் பருக்கினேன். ஒருமுறை கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டார்.

“போதும் மகன். உங்களுக்குத்தான் கரைச்சல்.”

இரண்டு நாளில் மௌத்தாகிவிட்டார். ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துப்போக வந்த மகள் என்னிடம் வந்து, “வாப்பாவ நல்லாப் பார்த்தீங்க. அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும்” என்று அழுதாள். “ஆமீன்” என்றேன். வேறு எதையும் சொல்லத் துணிவு வரவில்லை.

வாட்டின் மூத்த நர்ஸ் மிஸ்ஸியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். “முப்பது கட்டிலுக்கு ஒரு ஆள். நீ என்ன செய்வாய்?” என்றார். அது உண்மைதான். ஆனால் அவரை வாயடைக்க வைத்தது ஆள் பற்றாக்குறை அல்ல, என் வாய்.

அதன்பிறகு மணிக்கொரு தரம் கட்டில் கட்டிலாகப் போய், “தண்ணி குடிச்சீங்களா, மூத்திரம் பெய்யணுமா?” என்று நானாகவே கேட்கத் தொடங்கினேன். தனியாக நின்ற நாட்களில் பாதி வாட்டுக்கு மேல் என்னால் போக முடிந்ததில்லை.